அம்மாவின் தலையில் ஒரு கையகலம்

நோன்பு மாதம் வந்தால் எங்கள் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு பை பேரீச்சம்பழம் தொங்கும். மேல்மாடியில் குடியிருக்கும் துருக்கிக்காரப் பெண் மாட்டிவிட்டுப் போவது அது. நாங்கள் சைவ சமயத்துக்காரர் என்று அவளுக்குத் தெரியாது. என் மனைவி சரசு வெளியே போகும்போதெல்லாம் தலையில் துணி கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து, தன்னுடைய ஆள் என்று முடிவுகட்டிவிட்டாள். முதல் வருஷம், விஷயத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கத்தான் சரசு மேலே போனாள். அந்தப் பெண் கதவைத் திறந்து சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். "ஆசையாத் தர்றவங்ககிட்ட எந்தச் சாமி பேருலன்னு கேக்கவா முடியும்" என்றாள். தைப்பொங்கலுக்கு நாங்கள் ஒரு பாத்திரம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினோம். அதை அவள் எந்தப் பெருநாள் என்று எடுத்துக்கொண்டாளோ தெரியாது. பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது.

ட்ராமில் நடப்பது வேறு. போன வருஷம் நல்ல கோடை வெயிலில் பேர்ன் நகரத்துக்குள் போய்க்கொண்டிருந்தோம். எதிரே உட்கார்ந்திருந்த வயதான சுவிஸ் அம்மா ஒருவர் சரசுவின் கையைத் தொட்டு, "இந்த நாட்டில் நீங்கள் இதைக் கட்ட வேண்டியதில்லை. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது" என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். சொன்னது அவளிடம், பார்த்தது என்னை. நான் ஏதோ அவள் தலைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருப்பவன் மாதிரி. சரசுவுக்கு அதில் பாதிதான் புரிந்தது. துணியைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்துகொண்டு, "கால்ட்" என்றாள். குளிர் என்று அர்த்தம். ட்ராமில் எல்லாரும் வேர்த்துப்போய் விசிறிக்கொண்டிருந்தார்கள். இறங்கின பிறகு, "அந்தம்மா உங்களை ஏங்க அப்படி முறைச்சிச்சு" என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். தெருவில் நின்றபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க என்னையக் கட்டாயப்படுத்துறவரா? மடுல்கெல்லையில சொன்னா தோட்டமே சிரிக்கும்." மடுல்கெல்லை அவள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டம்.

எங்கள் மூத்தவன் மோகனுக்குப் பெண் பேசி முடித்த அன்று மூன்றாவது ஆளும் சேர்ந்துகொண்டார். பெண்ணின் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். தேத்தண்ணிக் கோப்பையைச் சரசுவின் கையில் கொடுத்துக்கொண்டே மெல்லக் கேட்டார்: "கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. நீங்கள் சபைக்குப் போறனீங்களோ?" முக்காடு போட்டு ஜெபம் செய்கிற கிறிஸ்தவ சபைகளைத்தான் கேட்டார். "இல்லைங்க, நாங்க மாரியம்மன் கும்பிடுறவங்க" என்றாள் சரசு. அதைக் கேட்டு அவர் இன்னும் குழம்பிப்போனார்.

கண்டியில் என் பெயரைக் கேட்டு நான் யார் என்று முடிவுசெய்தார்கள். இங்கே என் மனைவியின் தலைத்துணியைப் பார்த்து முடிவுசெய்கிறார்கள். அந்தத் துணிக்குக் கீழே இருப்பது ஒரு கையகலத் தழும்பு. எண்பத்து மூன்று கலவரத்தில் கண்டியில் எரிந்த இடம். அங்கே முடி முளைக்காமல் போய்விட்டது. அவ்வளவுதான் விஷயம்.

மோகன், வாணி, இதை முதலில் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பத்திரிகையில் போட்டால் ஊரில் இருக்கிறவர்களும், நம்மைப் போல இங்கே வந்து சேர்ந்தவர்களும் படிக்கட்டும். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சையோடு நின்றவன். கண்டியில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்தவன். பெரிய எழுத்து எனக்கு வராது. வாணி தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள் என்பதால் அவசரப்படாமல் எழுதுகிறேன். இதை எழுதுகிற நேரத்திலும் ஊரில் சண்டை ஓயவில்லை. அம்மாவின் தலைக்கு என்ன செய்வது என்று நம் வீட்டில் நடந்த வாக்குவாதம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் இருவரும்தான் அதை நடத்தினீர்கள். அதற்கு முந்தின கதை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அவளாக வாய் திறந்து சொல்லவும் மாட்டாள்.

கண்டியில் இருந்தவரை அவள் துணி கட்டியதில்லை. அங்கே அவளிடம் சவுரி இருந்தது. தலை வாரும்போது சீப்பில் வருகிற முடியை அவள் ஒருநாளும் எறிந்ததில்லை. விரலில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். டின் நிறைந்ததும் அலவத்துகொடைக்கு பஸ் ஏறுவோம். அங்கே ஒரு முஸ்லிம் பெண் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து சவுரி கட்டிக் கொடுப்பார். ஊரே அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடும். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். மோகன் சின்னவனாக இருக்கும்போது, "இந்தத் தாத்தாவுக்கு ஏன் மீசை இல்லை" என்று சத்தமாகக் கேட்டு எங்கள் மானத்தை வாங்கினான். அவர் சிரித்துக்கொண்டே முடியைச் சிக்கெடுத்து, நுனி ஒரு பக்கம் அடி ஒரு பக்கம் என்று அடுக்கி, நூலால் இறுக்கிக் கட்டுவார். "அடுத்தவ முடி ஒண்டும் இதுல இல்ல புள்ள. உங்கட முடிதான் உங்கட தலைக்கே வருது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். சரசு அதை இடப்பக்கம் தழும்பின் மேல் கொண்டுவந்து, தன் பின்னலோடு சேர்த்துக் கொண்டை போட்டு ஊசி குத்திவிட்டால் கடைத்தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் சாய்ந்த கொண்டை. அந்தச் சாய்வே அவளுக்கு ஒரு மிடுக்கைக் கொடுத்தது.

பிறகு யுத்தம் முற்றி, கண்டி டவுனுக்குள்ளும் சோதனைச் சாவடிகள் வந்தன. தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை என்றால் தனியாக நிற்க வேண்டும். ஒருநாள் வாவிக்கரைப் பக்கம் பஸ்சை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்களைச் சோதிக்க ஒரு இளம் பொலிஸ்காரி. சரசுவின் கைப்பையைப் பார்த்தாள், சேலை மடிப்பைத் தடவினாள், பிறகு கொண்டைக்குள் விரலை விட்டாள். கொண்டைக்குள் எதையாவது ஒளித்துக் கொண்டுவருவார்கள் என்று அவர்களுக்குப் பயம். ஊசிகள் கழன்றன. கொண்டை மொத்தமாக அவள் கையோடு வந்துவிட்டது. பொலிஸ்காரி திடுக்கிட்டுப் பின்னால் போனாள். துவக்கோடு நின்றவன் நிமிர்ந்து பார்த்தான். ஆண்கள் வரிசையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அசைய முடியாது. அத்தனை சனத்துக்கு முன்னால், நடுத்தெருவில், தலைத் தழும்பு வெயிலில் தெரிய சரசு நின்றாள்.

அவள் கையால் மறைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நான் நிமிர்ந்து உட்காருகிறேன். இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி நின்றாள்.

"இது என்ன?" என்று பொலிஸ்காரி சிங்களத்தில் கேட்டாள்.

"என் முடி."

"தலையில என்ன?"

"கிந்தர" என்றாள் சரசு. நெருப்பு என்று அர்த்தம். "எண்பத்து மூணு."

அந்த வருஷத்தைச் சொன்னால் எங்கள் நாட்டில் யாருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. அந்தப் பொலிஸ்காரி அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாக இருந்திருப்பாள். சவுரியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, இதை எங்க செஞ்சு வாங்கினீங்க? எங்க அம்மாவுக்கும் முன்னால முடி கொட்டிக்கிட்டே வருது" என்றாள்.

"அலவத்துகொட. பஸ் நிக்கிற இடத்துல கேட்டாச் சொல்லுவாங்க. அம்மாவோட சொந்த முடியையே சேத்து வைக்கச் சொல்லுங்க. கடையில வாங்காதீங்க."

எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "நல்லா இருக்கு, செக்பொயின்டுல சவுரி வியாபாரம்" என்று முணுமுணுத்தார். பயந்துபோய் நின்ற வரிசை முழுக்க அடக்கிக்கொண்டு சிரித்தது. பொலிஸ்காரி கீழே விழுந்த ஊசிகளைத் தானே பொறுக்கிக் கொடுத்தாள். தெருவோரத்தில் கட்டியிருந்த துணி மறைப்புக்குப் பின்னால் போய்ச் சரசு கொண்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். அதன் பிறகு அந்த இடத்தில் அவள் கொண்டையை யாரும் தொடவில்லை. "கொண்டே ஹொந்தய்" என்பாள் அந்தப் பொலிஸ்காரி. கொண்டை நன்றாக இருக்கிறது என்று. வேறு பெண்களின் கொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த நாட்டில் சவுரி எடுபடவில்லை. சரசு வேலை செய்வது முதியோர் இல்லத்துச் சமையலறையில். காலையிலிருந்து தலையில் வலைத்தொப்பி. வயதும் ஏற ஏற, தழும்பைச் சுற்றியிருந்த முடி மெலிந்து, ஊசி குத்தப் பிடிமானம் இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் துணி. மோகனின் கல்யாணம் நிச்சயமானதும் அந்தத் துணிதான் வீட்டில் பேச்சாக இருந்தது. மணவறையில் மாப்பிள்ளையின் அம்மாவாக நிற்க வேண்டும், வீடியோ எடுப்பார்கள், மண்டபம் நிறைய ஆட்கள் வருவார்கள். மோகன் லொறி திருத்துகிறவன். எது பழுதானாலும் திறந்து சரிசெய்துவிடலாம் என்று நம்புகிறவன். வாணி முடியலங்காரக் கடையில் தொழில் பழகுகிறவள். இருவரும் சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஒப்பரேஷன் செஞ்சா ஒரேயடியா முடிஞ்சிடும்" என்றான் மோகன். "பின்தலையில இருந்து முடியை வேரோட எடுத்துத் தழும்புல நடுறாங்க."

"அம்மா என்ன லொறியா, பின்னால இருந்து சாமான் கழட்டி முன்னால பூட்ட?"

"நீ சொல்ற விக் மட்டும் என்னவாம்? ஒரு காத்தடிச்சா மாப்பிள்ளை நான் ஓடிப்போய்ப் பொறுக்கணும்."

"ஒட்டுற விக் இருக்குண்ணா. நீ பாத்ததெல்லாம் கார்னிவல்ல போடுறது. அதுவும் வேணாம்னா, ஊசியால சின்னச் சின்னப் புள்ளியா மை குத்துவாங்க. பச்சை குத்துற மாதிரி. முடி வெட்டிவிட்ட தலை மாதிரியே தெரியும். வலி இல்ல, ஆஸ்பத்திரி இல்ல."

சரசு கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, "தலை என்னோடதுதானே" என்றாள். "ஒரு ஆளாவது என்னையக் கேக்குதான்னு பாக்குறேன்."

முதலில் மோகன் ஜெயித்தான். நாங்கள் மூவரும் டாக்டரிடம் போனோம். நிதானமான மனிதர். தழும்பை விரலால் அழுத்திப் பார்த்து, மோகன் மொழிபெயர்க்க மொழிபெயர்க்கச் சொன்னார்: தழும்பில் இரத்த ஓட்டம் குறைவு. நட்ட முடியில் பாதி பிடிக்கலாம், பாதி பிடிக்காமல் போகலாம். நட்டது முதலில் கொட்டும், பிறகுதான் முளைக்கும், வருஷக்கணக்கில் பொறுக்க வேண்டும். கல்யாணத்துக்குள் ஒன்றும் தெரியாது. பிறகு, இது எப்படி நடந்தது என்று கேட்டார். மோகன், தனக்குச் சொல்லப்பட்டிருந்தபடி, கூரை விழுந்தது என்று ஆரம்பித்தான். சரசு அவன் கையில் தட்டி நிறுத்திவிட்டு, தன் சமையலறை ஜெர்மனில் தானே சொன்னாள்: "ஹவுஸ். ஃபொயர். கிண்ட் இன் ஹெண்டே." வீடு. நெருப்பு. கைகளில் பிள்ளை. டாக்டர் எந்தப் பிள்ளை என்று கேட்டார். பக்கத்தில் கதிரை நிறைய உட்கார்ந்திருந்த மோகனை அவள் நாடியால் காட்டினாள்.

எனக்கும் அதை அவள் சொல்லித் தெரிந்ததில்லை. அன்றைக்கு நான் கடுகண்ணாவையில் ஒரு சின்னக் கடைக்குத் துணிக்கட்டு கொண்டுபோயிருந்தேன். கண்டியில் கலவரம் என்று ரயிலும் நின்றது, பஸ்சும் நின்றது. அந்தக் கடைக்காரர் என்னைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்துக் கதவைப் பூட்டினார். ஊரடங்கு தளர்ந்து நான் கண்டிக்கு வந்தபோது, கடைக்கு மேலே நாங்கள் குடியிருந்த அறை கரியாக நின்றது. முகாமாக்கிய ஒரு பள்ளிக்கூடத்தில் சரசுவைக் கண்டுபிடித்தேன். தலையில் வெள்ளைத் துணி சுற்றிச் சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் மோகன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. "வந்துட்டீங்களா" என்றாள். "புள்ள பால் குடிச்சான்" என்றாள். தலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் முகாமுக்குச் சோறு கொண்டுவந்தார். அவர்தான் சொன்னார். மரப்படியில் சரசு இறங்கி வரும்போது மேலேயிருந்து எரிகிற மரச்சட்டம் முறிந்து அவள் தலையில் விழுந்திருக்கிறது. முடி பற்றிக்கொண்டது. பிள்ளையை நனைத்த சேலையில் சுற்றி இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். படி ஆடிக்கொண்டிருந்தது. தலையைத் தட்டி அணைக்க ஒரு கையை எடுத்தால் பிள்ளை நழுவும். அவள் எடுக்கவில்லை. எரிகிற தலையோடு கடைசிப் படிவரைக்கும் இறங்கி, பிள்ளையைக் கீழே நின்ற அந்தப் பெண்ணின் கையில் கொடுத்த பிறகுதான் தன் தலையைத் தொட்டாள். இதைச் சொல்லும்போது அவர் அழுதார். நான் அழவில்லை. வீடு போய், வேலை போய், பள்ளிக்கூடத் தரையில் நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் அப்படி நினைப்பது முறையோ என்னவோ, எனக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டரிடமிருந்து வெளியே வந்த மோகன் காரைக் கிளப்பாமல் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வேணாம்மா. எனக்காக ஒரு தடவை எரிஞ்சது போதும். இன்னொரு தடவை உங்க தலையில கத்தி வைக்க நான் விடமாட்டேன்."

"கத்தி வைக்கச் சொன்னதே நீதானடா."

"அப்பத் தெரியாதே."

"தெரிஞ்சதால என்ன மாறிச்சு? காலையில இருந்த தலைதான் இப்பவும் இருக்கு."

அவன் அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் தங்கையின் பக்கம் சேர்ந்துவிட்டான். இதுவரை எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேரும் ஒன்றாகி, அம்மாவை விக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் போனேன்.

அழகான கடை. சரசுவை ஒரு கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, கடைக்காரப் பெண்மணி பட்டுத்துணி விரித்த ஒரு பெட்டியை எடுத்துவந்தார். உள்ளே இடுப்பளவு நீளத்தில் கறுப்பு முடி. "உங்கள் நாட்டு முடி" என்றார் சந்தோஷமாக. "இந்தியா. கோயில் முடி. முதல் தரம். போட்டால் ஊருக்குப் போன மாதிரி இருக்கும்." நான் இந்தியா இல்லை, ஸ்ரீலங்கா என்றேன். "ஆமாம் ஆமாம், அழகான தீவு" என்றார். வாணி தயங்கித் தயங்கி மற்றதை மொழிபெயர்த்தாள். சரசு முடியைக் கையில் வாங்கினாள், தலைக்குக் கொண்டுபோகவில்லை.

"கோயில்ல இறக்குன முடியா? காணிக்கையா?"

"அப்படித்தான்மா சொல்றாங்க. அங்க இருந்துதான் நல்ல முடி வருமாம்."

"எந்தப் பொண்ணோ. என்ன வேண்டிக்கிட்டுக் குடுத்தாளோ. புள்ளைக்குக் காய்ச்சல் தீரணும்னு இருக்கும். புருஷன் உசுரோட திரும்பி வரணும்னு இருக்கும். சாமிக்குன்னு குடுத்ததை நான் தலையில ஒட்டிக்கிட்டு, மாப்பிள்ளைக்கு அம்மான்னு மேடையில நிக்கவா?"

முடியைக் கண்ணில் ஒற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். அவளுக்கு ஊர் நினைவு வந்துவிட்டது என்று நினைத்துக் கடைக்காரப் பெண்மணி கைக்குட்டைத் தாள் நீட்டினார். சரசு மரியாதைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டாள். விக் போடுகிறவர்களை நான் குறைசொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புற்றுநோய் மருந்தில் முடி முழுக்க உதிர்ந்த நமக்குத் தெரிந்த ஒரு பெண், விக் போட்ட பிறகுதான் வீட்டைவிட்டு வெளியே வந்தாள். அவளுக்கு அது உயிர். சரசுவின் மனம் வேறு, அவ்வளவுதான்.

அடுத்த அறையில் மை குத்துகிற பையன் படங்களைக் காட்டினான். உண்மையிலேயே நன்றாக இருந்தது. எந்த இடம் தழும்பு என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சரசு படத்தைப் பார்க்காமல் வாணியைப் பார்த்துக் கேட்டாள்.

"கை வச்சா என்ன படும்?"

"தோல்தான் படும்மா. ஆனா பாக்க முடி மாதிரியே இருக்கும்."

"பாக்குறவங்களுக்கு இருக்கும். எனக்கு?"

வாணி படங்களை அந்தப் பையனிடமே திருப்பிக் கொடுத்தாள். அவன் கொடுத்த அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் எல்லாரும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருக்கும்போது சரசு, "நான் ஒப்பரேஷன் செஞ்சுக்கப் போறேன்" என்றாள். மோகன் கையை உதறினான்.

"பாதிதான் பிடிக்கும்னு டாக்டர் சொன்னாரேம்மா."

"எங்க மலையில மண்ணு கழுவிப்போன இடத்துலயும் தேயிலைக் கன்னு வைப்போம். வச்சதெல்லாமா பிடிக்கும்? பிடிக்கிறது பிடிக்கட்டும்."

"கல்யாணத்துக்குள்ள முளைக்கவே முளைக்காது."

"கல்யாணத்துக்காகன்னு நான் சொன்னேனா?" கையைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எண்ணெய் வச்சு முழுகுறப்பல்லாம் விரலு அந்த இடத்துக்குப் போகும். போனதும் வழுக்கும். உனக்கு எத்தனை வயசோ அத்தனை வருஷமா வழுக்குது. அங்க ரெண்டு முடி விரல்ல தட்டணும். யாரும் பாக்குறதுக்கு இல்ல. நான் தொடுறதுக்கு."

மோகன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"மூஞ்சியை அப்படி வச்சுக்காத" என்றாள் அவள். "எனக்குக் கடன்பட்டவன் மாதிரி. அன்னைக்கு உன்னையத் தூக்கிக்கிட்டு எறங்குனது நானா முடிவு பண்ணினது. நீ கேக்கல. இதுவும் நானாப் பண்றதுதான். ரெண்டுலயும் உனக்கு வேலை இல்ல."

"அப்ப எனக்கு என்னதான்மா வேலை?"

"ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டு. உங்கப்பா ஓட்டுனா பார்க்கிங் தேடியே பொழுது போயிடும்."

வாணிதான் முதலில் சிரித்தாள். மோகன் தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிடத் தொடங்கினான். இத்தனை வருஷம் இந்தப் பெண்ணோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்று எனக்கு அன்றைக்கு ஒரு கர்வமே வந்தது. நான் சொல்லவில்லை. சொன்னால், சோறு ஆறுது சாப்பிடுங்க என்பாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, விழித்திருக்கவைத்தே செய்தார்கள். பின்தலையிலிருந்து எடுத்து ஒவ்வொரு வேராக நட்டார்கள். ஒரு பகல் முழுக்கக் குப்புறவும் பக்கவாட்டிலும் படுத்திருந்தாள். இடையில் தாதி வலிக்கிறதா என்று கேட்டாளாம். "நைன். லாங்வைலிக்" என்று சொல்லியிருக்கிறாள். இல்லை, சலிப்பாக இருக்கிறது என்று. அந்தத் தாதி வெளியே வந்து எங்களிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். வீட்டுக்கு வந்தபோது தழும்பு முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். டாக்டர் சொன்னபடியே சில வாரங்களில் நட்டதெல்லாம் கொட்டிவிட்டது. தலை பழைய தலையாகிவிட்டது. வாணி பயந்தாள், மோகன் டாக்டருக்குப் போன் செய்தான். சரசு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள்.

கல்யாண நாள் அப்படித்தான் வந்தது. மண்டபத்து அறையிலிருந்து சரசு வெளியே வரும்போது நான் வாசலில் நின்றேன். மாம்பழ நிறச் சேலை. தலையில் துணி இல்லை, விக் இல்லை, மை இல்லை. வாணி முடியைப் படிய வாரிப் பின்னால் கட்டி, கட்டின இடத்தில் பூ வைத்திருந்தாள். இடப்பக்கத் தழும்பு இருந்தபடியே தெரிந்தது. "நீங்க முன்னால நடங்க" என்றாள் என்னிடம். நான் முன்னால் நடக்கவில்லை, பக்கத்தில் நடந்தேன். எனக்கு அது ஊர்வலம் மாதிரி இருந்தது.

வீடியோ எடுக்கிற தம்பி சுற்றிச் சுற்றி அவளுடைய வலப்பக்கத்துக்கே போய்க்கொண்டிருந்தான். கடைசியில் பொறுக்கமாட்டாமல், "அன்ரி, கொஞ்சம் மற்றப் பக்கம் திரும்புங்கோ, வடிவா வரும்" என்றான்.

"ரெண்டு பக்கமும் எடுங்க தம்பி. ரெண்டும் நான்தான்."

சம்பந்தியம்மா அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். தாலி கட்டி முடிந்து சாப்பாட்டுக்குப் போகிற நேரம் சரசுவின் அருகே வந்து, தழும்பைப் பார்த்தபடி, "நோவோ?" என்றார்.

"எப்ப? அப்பவா, இப்பவா?"

"ரெண்டும்தான்."

"அப்பதான்."

அவர் தன் கொண்டையிலிருந்து ஒரு முழம் பூவை எடுத்துச் சரசுவின் பூவோடு சேர்த்துக் குத்திவிட்டு, "வாங்கோ சாப்பிடுவம், காலமையில இருந்து நிக்கிறியள்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

இப்போது வசந்தகாலம். கொட்டினதெல்லாம் மெல்ல முளைத்து, அடுத்து வந்த மாதங்களில் நீண்டும்விட்டது. எல்லாம் பிடிக்கவில்லை, ஆனால் பிடித்தது நன்றாகப் பிடித்திருக்கிறது. இன்றைக்குச் சரசு எண்ணெய் வைத்து முழுகிவிட்டு பால்கனியில் கதிரை போட்டு உட்கார்ந்து, தலையை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ஈரம் காய்ந்து முடி பிரியும்போதுதான் நான் கவனித்தேன். இந்த நாட்டுக்கு வந்து அவள் தலை முன்னாலும் உச்சியிலும் பக்கங்களிலும் வெளுத்துவிட்டது. பிடரியின் அடி முடிதான் கடைசியாக நரைக்குமாம், அதை எங்கே கொண்டுபோய் நட்டாலும் தன் பழைய இடத்துக் குணத்தை விடாதாம். கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் சொன்னது. அதனால் வெள்ளைத் தலையின் நடுவே, கண்டியில் எரிந்த இடத்தில் மட்டும், நான் அவளைக் கட்டிக்கொண்ட காலத்துக் கறுப்பு முளைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நிறமாகச் சாயம் போட்டுவிடவா என்று வாணி கேட்டாள். "எதுக்கு? அதது அதது இடத்துல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சரசு சீப்பை எடுத்து வாரினாள். சீப்பு வெள்ளையில் இறங்கி, கறுப்புக்குள் போய், மறுபடி வெள்ளைக்கு வந்தது.